சான் ஹோசே ஸ்டேட்: வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலா, யுனிவர்சிட்டியா?

தோவாளைப்பூ
வணக்கம். வீட்டுப் பஞ்சாயத்து ஒன்றை இங்கே கொண்டு வருகிறேன். விவரம் தெரிந்தவர்கள் தீர்த்து வைக்க வேண்டும்.

தம்பிக்குக் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பேங்கில் லோனுக்குப் பேசியாச்சு, அப்பாவுக்கும் சம்மதம். பெரியப்பா மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். படிப்பு விஷயத்தில் அவர் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்காது. யாரோ அந்த யுனிவர்சிட்டியின் வரலாற்றை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். "மக்களே, இது வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலாக்கும். நானும் அப்படி ஒண்ணுலதான் படிச்சேன். அதுக்குப் போயி வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு பேங்கில வைக்கணுமா?" என்று கேட்கிறார்.

உண்மையிலேயே அது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத்தான் இருந்ததா? அப்படியென்றால் இப்போது இருக்கும் நிலைக்கு எப்படி வந்தது? ரேங்கிங் பட்டியலைக் காட்டினால் அவரிடம் எடுபடாது. வரலாறாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பார்.

சுங்கான்கடை
பெரியப்பா சொல்வதில் தப்பே இல்லை. டிரெயினிங் ஸ்கூல்தான். போர்டை மாற்றி எழுதினால் யுனிவர்சிட்டி, அவ்வளவுதான். நம்ம ஊரில் மாடியில் இரண்டு ரூம் எடுத்து 'காலேஜ்' என்று போர்டு வைத்தவர்களைப் பார்க்காதவர்களா நாம்?

ஆரல்வாய்க் காற்று
சுங்கான்கடை அண்ணாச்சி, அந்த போர்டை மாற்றி எழுத அவர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு வேலையும் வீடும் அந்த ஊர்ப் பக்கம்தான், அதனால் இந்தக் கதை கொஞ்சம் தெரியும்.

தொடங்கியது சான் ஹோசேயில் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோவில், 1857இல். தங்கம் தேடி வந்த கூட்டத்தால் கலிஃபோர்னியா நிரம்பிய காலம். தனி மாநிலமாகி ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. தங்கத்துக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்க ஆரம்பித்ததும் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. கட்டடம் எழுப்பிவிடலாம், வாத்தியாருக்கு எங்கே போவது? கிடைத்தவர்களைப் பிடித்துப் போட்டார்கள். அப்படிப் போட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் சாயங்காலம் தாங்களே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். ஜார்ஜ் மின்ஸ் என்பவர் அதற்குத் தலைமை, அதனால் மின்ஸ் ஈவினிங் நார்மல் ஸ்கூல் என்று பெயர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை அந்தக் காலத்தில் பல நாடுகளில் நார்மல் ஸ்கூல் என்றுதான் அழைத்தார்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

1862 மே மாதம் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. கலிஃபோர்னியா ஸ்டேட் நார்மல் ஸ்கூல் ஆனது. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமான கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி தொடங்கியதே 1868இல்தான். அதனால்தான் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலேயே பழைய அரசுப் பல்கலைக்கழகம் நாங்கள்தான் என்று சான் ஹோசேக்காரர்கள் 1857ஐப் போட்டுக்கொள்கிறார்கள். மாலை வகுப்பையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுவது கொஞ்சம் துணிச்சல்தான், ஆனால் 1862 என்று வைத்தாலும் பெர்க்லியைவிட மூத்தது.

சான் ஹோசேக்கு இடம் மாறியது 1871இல். நார்மல் ஸ்கூல் வந்தால் ஊருக்கு மதிப்பு என்று ஊர்கள் போட்டி போட்ட காலம் அது. சான் ஹோசே தன் வாஷிங்டன் சதுக்கத்தைத் தூக்கிக் கொடுத்தது, இன்றும் யுனிவர்சிட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. 1880இல் கட்டடம் தீப்பிடித்து எரிந்து போனது. மறுபடி கட்டினார்கள். 1906 பூகம்பத்தில் அதுவும் தாங்கவில்லை. பிறகு 1910இல் எழுந்ததுதான் கோபுரத்தோடு கூடிய டவர் ஹால், சுவரெல்லாம் கொடி படர்ந்து கிடக்கும். எரிந்ததற்குப் பதில் கட்டிய கட்டடத்தில் தொங்கிய 1881ஆம் வருடத்து மணி இன்னும் வளாகத்தில் இருக்கிறது. அதன் மேலேயே கலிஃபோர்னியா ஸ்டேட் நார்மல் ஸ்கூல் என்று வார்த்திருக்கிறார்கள். ஆக பெரியப்பா சொன்னதை யுனிவர்சிட்டிக்காரர்களே மறைக்கவில்லை.

தோவாளைப்பூ
அருமை. இதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். ஆனால் அவர் அடுத்துக் கேட்கப் போவது இதுதான்: நார்மல் ஸ்கூல் எப்போது யுனிவர்சிட்டி ஆனது, யார் ஆக்கினார்கள்?

ஆரல்வாய்க் காற்று
படிப்படியாகத்தான். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது கல்லூரி அளவுப் படிப்பே இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள்கூடச் சேர்ந்தார்கள். பாதி நேரம் கணக்கு, இலக்கணம், பூகோளம் என்று பாடத்தையே சொல்லிக்கொடுத்து, மீதி நேரம் அதை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பிறகுதான் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்திருந்தால்தான் சேரலாம் என்று ஆனது. 1921இல் பெயர் ஸ்டேட் டீச்சர்ஸ் காலேஜ் என்று மாறியது. கொஞ்ச நாளில் நான்கு வருடப் படிப்பும் பட்டமும் வந்தன. 1935இல் 'டீச்சர்ஸ்' என்ற சொல் பெயரிலிருந்து விழுந்தது, சான் ஹோசே ஸ்டேட் காலேஜ். 1972இல் யுனிவர்சிட்டி, 1974இல் இப்போதுள்ள பெயர்.

ஏன் இப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியம். வாத்தியார் ஆகப் போகிறவன் எல்லாப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அங்கே கணக்கும் அறிவியலும் வரலாறும் இசையும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் 'எனக்கு வாத்தியார் வேலை வேண்டாம், அந்தக் கணக்குப் பாடம் மட்டும் போதும்' என்று வர ஆரம்பித்தார்கள். பெர்க்லிக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், பழத்தோட்டத்துக் குடும்பங்கள். சான் ஹோசே அப்போது கம்ப்யூட்டர் ஊர் இல்லை, ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் காய்க்கும் பள்ளத்தாக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு படிப்புச் செலவு கொடுத்தது, கூட்டம் அலைமோதியது. அப்புறம் பழத்தோட்டங்கள் இருந்த இடத்தில் மின்னணுக் கம்பெனிகள் வந்தன, அவற்றுக்கு இன்ஜினியர் வேண்டியிருந்தது. கல்லூரி பக்கத்திலேயே இருந்தது.

இன்னொன்று. இந்த நார்மல் ஸ்கூலுக்குத் தெற்கே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளை வேண்டும் என்று 1881இல் முடிவெடுத்து, 1882இல் திறந்தார்கள். அந்தக் கிளையை 1919இல் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைக்கு உலகமே தெரிந்து வைத்திருக்கும் யு.சி.எல்.ஏ. பெரியப்பாவிடம் இதைக் கடைசியில் சொல்லுங்கள், முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

சுங்கான்கடை
யு.சி.எல்.ஏ.வா! சரி, இது எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஒன்றிரண்டு இடம் அப்படி வளர்ந்தது என்பதற்காக எல்லாம் அப்படி என்று சொல்ல முடியுமா?

பேச்சிப்பாறை
ஒன்றிரண்டு இல்லை அண்ணே. என் மச்சான் படித்த அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் அதேதான். 1885இல் அரிசோனா மாநிலமாகக்கூட ஆகவில்லை, வெறும் டெரிட்டரி. டெம்பி என்ற சின்ன ஊரில் நார்மல் ஸ்கூல் திறக்க அனுமதி கொடுத்தார்கள். வில்சன் என்ற கசாப்புக் கடைக்காரரும் அவர் மனைவியும் தங்கள் மாட்டு மேய்ச்சல் நிலம் 20 ஏக்கரை அதற்கு விட்டார்கள். 1886 பிப்ரவரியில் முதல் வகுப்பு, 33 பேர். ஒரே வாத்தியார், அவரே பிரின்சிபால்.

அதைவிடப் பெரிய கூத்து பெயர் மாற்றம். யுனிவர்சிட்டி என்று பெயர் வைக்கக் கூடாது என்று டூசான் நகரத்து யுனிவர்சிட்டி ஆட்கள் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் 1958இல் மாநிலம் முழுக்க மக்களிடமே ஓட்டுக்கு விட்டு ஜெயித்தார்கள். ஒரு காலேஜின் பெயரை ஓட்டுப்பெட்டி முடிவு செய்தது எனக்குத் தெரிந்து அங்கேதான். நம்ம ஊரில் நடந்தால் கட்சி பிரிந்து பேனர் கட்டியிருப்போம்.

இல்லினாய்ஸ் ஸ்டேட்டும் 1857தான். அதற்கான பத்திரங்களை எழுதிக் கொடுத்த வக்கீல் ஆபிரகாம் லிங்கன்.

கல்குளம் சார்
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நானும் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்தான், அதனால் பெரியப்பா பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

நீங்கள் எல்லோரும் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் எப்படிப் பல்கலைக்கழகமானது என்று பேசுகிறீர்கள். நம் பக்கம் ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வருடத்தைப் பாருங்கள். சென்னையில் அரசு நார்மல் ஸ்கூல் தொடங்கியது 1856. மின்ஸ் மாலை வகுப்புக்கு ஒரு வருடம் மூத்தது. அதுதான் பின்னால் சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் கல்லூரியானது. டாக்டர் ராதாகிருஷ்ணன் வாத்தியார் பயிற்சி பெற்றது அங்கேதான். ஆனால் இன்றைக்கும் அது கல்லூரிதான். அடுத்த வருடமே, 1857 செப்டம்பரில், சென்னைப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. பாடம் நடத்துவது கல்லூரிகள், பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். அந்த ஏற்பாட்டில் ஒரு பயிற்சிக் கல்லூரி எவ்வளவு நன்றாக நடந்தாலும் கல்லூரியாகவே இருக்கும். பட்டம் கொடுக்கும் உரிமை மேலே இருக்கும், பிள்ளைகள் கீழே இருப்பார்கள். கலிஃபோர்னியாவில் நார்மல் ஸ்கூல் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கீழே இல்லை, நேரே மாநிலத்தின் சொத்து. சட்டமன்றம் நினைத்தால் பட்டம் கொடுக்கும் உரிமையைக் கையில் தூக்கிக் கொடுத்துவிடலாம், கொடுத்தார்கள்.

நம் நாகர்கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி. பிறகு அவருக்கு அடுத்து வந்த மிஷனரி மீட் ஐயர் காலத்தில் நாகர்கோவிலுக்கு வந்த செமினரி. அது எதற்காக? கிராமங்களில் திறந்த பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் உபதேசியாரும் வாத்தியாரும் வேண்டும் என்றுதான். லண்டன் மிஷன் பள்ளிகளில் பாடம் நடத்திய முதல் தலைமுறை வாத்திமார் அங்கே தயாரானவர்கள். அந்த செமினரிதான் 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அமெரிக்காவில் லெக்சிங்டன் ஊரில் முதல் அரசு நார்மல் ஸ்கூல் திறந்தது 1839இல், முதல் நாள் வந்தது மூன்றே பெண்கள். அதற்கு முன்னாலேயே நாஞ்சில் நாட்டில் வாத்தியார் தயாரித்தாயிற்று. ஆரம்பத்தில் நாம் பின்தங்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சான் ஹோசேயில் நிறுவனம் ஒன்றுதான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. இங்கே கல்லூரி அப்படியே நின்றது, மேலே இருந்த பல்கலைக்கழகம் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டு இரும்பு அலமாரியைத் திறந்தால் தெரியும். அப்பாவின் பட்டம் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். என்னுடையது மதுரைப் பல்கலைக்கழகம், காமராசர் பெயர் சேருவதற்கு முந்தியது. மகளுடையது மனோன்மணியம் சுந்தரனார். மருமகளின் பி.எட். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். அப்பா மட்டும் திருவனந்தபுரம், மற்ற மூன்று பேரும் படித்தது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில்தான்.

குழித்துறை
சார் சொன்ன திருவனந்தபுரம் விஷயத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். எங்கள் விளவங்கோடு பக்கத்துப் பழைய ஆட்களுக்கு டிரெயினிங் என்றால் தைக்காடுதான். பயிற்சிக் கல்லூரியும் மாடல் ஸ்கூலும் பக்கத்துப் பக்கத்தில். பயிற்சிக்கு வந்தவர் மாடல் ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார், பேராசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், 1938 பிப்ரவரியில் திருவனந்தபுரம் கன்னியாகுமரி ரோட்டில் சர்க்கார் பஸ். ரயில் 1979 வரைக்கும் கிடையாது. எங்கள் தாத்தா அந்த பஸ்ஸில் போய்த்தான் படித்தார். 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் தாலுகாக்கள் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்ததும் எங்கள் வீட்டில் அடுத்த ஆள் பாளையங்கோட்டைக்குப் போனார்.

தக்கலை டீச்சர்
எல்லோரும் பழைய கதையிலேயே நிற்கிறீர்கள். இப்போது வேலையில் இருக்கிறவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன்.

யுனிவர்சிட்டியாக மாறுவது வளர்ச்சிதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. டீச்சர் என்ற சொல் 1935இல் பெயரிலிருந்து விழுந்தது என்று ஆரல்வாய் அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெயரிலிருந்து விழுந்தது மனசிலிருந்தும் விழுந்திருக்காதா? இன்ஜினியரிங்குக்குப் பணமும் பேரும் வந்த பிறகு, எந்த யுனிவர்சிட்டி பி.எட். டிபார்ட்மென்ட்டை முன்வரிசையில் உட்கார வைக்கும்?

நான் பி.எட். படித்தது தனிப் பயிற்சிக் கல்லூரியில். குறை நிறைய. ஆனால் அந்த ஒரு வருடமும் எங்களைச் சுற்றி வாத்தியார் வேலையைத் தவிர வேறு பேச்சே இல்லை. கிரிட்டிசிசம் கிளாஸ் என்று ஒன்று உண்டு, நாம் பாடம் நடத்த, மேடம் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்லும் வகுப்பு. அதை எடுத்தவர்களுக்குத்தான் அதன் வயிற்றெரிச்சல் தெரியும். ஒரு நாள் ஏழாம் வகுப்புக்கு ஒளி விலகல் நடத்தினேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், உள்ளே பென்சில், வளைந்து தெரிகிறதா என்று கேட்க வேண்டும். நான் டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டு கரும்பலகையில் படம் வரையப் போய்விட்டேன். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு டம்ளரே தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் மேடம் கேட்டது ஒரே கேள்வி: "டம்ளர் யாருக்காகக் கொண்டு வந்தே, பிள்ளைகளுக்கா, எனக்கா?" அன்றிலிருந்து எதைக் காட்டினாலும் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போகிறேன். இந்த மாதிரிச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பாடப்பிரிவு இருக்கும் யுனிவர்சிட்டியில் யாருக்கு நேரம்?

ஆரல்வாய்க் காற்று
நியாயமான கேள்வி டீச்சர். பெயரிலிருந்து விழுந்தது உண்மை, வேலையிலிருந்து முழுதாக விழவில்லை. 1960இல் கலிஃபோர்னியாவில் உயர்கல்விக்கு ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். ஆராய்ச்சியும் டாக்டர் பட்டமும் பெர்க்லி, யு.சி.எல்.ஏ. வகைக்கு. சான் ஹோசே மாதிரி பழைய நார்மல் ஸ்கூல் வகைக்குப் பாடம் நடத்துவது, முதுகலை வரை, ஆசிரியர் பயிற்சி. இன்றும் கலிஃபோர்னியாவுக்கு வாத்தியார்களைத் தயாரிப்பதில் பெரும்பங்கு இந்த ஸ்டேட் யுனிவர்சிட்டிகளுக்குத்தான்.

ரொம்ப காலம் இவர்களால் தனியாக டாக்டர் பட்டம் கொடுக்க முடியாது, இன்னொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். 2005இல் முதன்முதலாகத் தனியாகக் கொடுக்க அனுமதித்துச் சட்டம் வந்தபோது எந்தப் படிப்புக்குத் தெரியுமா? இன்ஜினியரிங்குக்கு இல்லை. கல்வியியலுக்கு. பள்ளி நிர்வாகிகள், தலைமையாசிரியர்கள் படிக்கும் டாக்டர் பட்டம்.

சுங்கான்கடை
இது பெரியப்பாவுக்குப் பிடிக்கும்.

கல்குளம் சார்
தக்கலை டீச்சர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதிக்கு நம் மாநிலத்தில் நடந்ததையே பதிலாக வைக்கிறேன்.

அமெரிக்கர்கள் பயிற்சிப் பள்ளிக்குள் எல்லாப் பாடத்தையும் கொண்டுவந்து பல்கலைக்கழகமாக்கினார்கள். நாம் 2008இல் நேர் எதிர்த்திசையில் போனோம். எல்லாப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் பி.எட். கல்லூரிகளை மட்டும் பிரித்தெடுத்துச் சென்னையில் ஒரு தனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வைத்தோம். நோக்கம் நல்லது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பாடத்திட்டம், ஒரு பரீட்சை முறை. தனியார் கல்லூரிகள் புற்றீசலாகப் பெருகிய நேரத்தில் ஒரே கட்டுப்பாடு தேவைப்பட்டது. ஆனால் விளைவைப் பாருங்கள். இயற்பியல் பி.எட். படிக்கும் பிள்ளை ஒரு இயற்பியல் பேராசிரியரைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்குகிறாள். கணித வாத்தியாராகப் போகிறவனுக்குப் பக்கத்தில் கணிதத் துறை இல்லை. பாடம் ஒரு ஊரில், பாடம் நடத்தும் விதம் இன்னொரு ஊரில். மின்ஸ் வகுப்பில் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன, அதுதான் அதை வளர்த்தது என்பது என் எண்ணம்.

பாடமும் பயிற்சியும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு நமக்குப் புதிதும் இல்லை. மைசூர் வட்டாரக் கல்வியியல் கல்லூரி 1963இல் தொடங்கியது, அங்கே பி.எஸ்சி.எட். இருந்தது. அங்கே படித்த ஒருவர் என் பள்ளியில் வேதியியல் எடுத்தார். ஆசிட் பாட்டிலையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் கவனிக்கத் தெரிந்த மனிதர்.

பேச்சிப்பாறை
சார், 2020 தேசியக் கல்விக் கொள்கையில் இதைத்தானே சொல்கிறார்கள்? தனியாக நிற்கும் பி.எட். கல்லூரிகள் எல்லாம் 2030க்குள் பல பாடம் நடத்தும் நிறுவனங்களாக மாற வேண்டும், நான்கு வருட பி.எட்.தான் இனி அடிப்படைத் தகுதி என்று.

கல்குளம் சார்
சொல்கிறார்கள். தமிழ்நாடு அந்தக் கொள்கையையே ஏற்கவில்லை, அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. என் சந்தேகம் வேறு. அமெரிக்காவில் அந்த மாற்றம் பல பத்து வருடங்கள் எடுத்தது, அதுவும் அரசுப் பணத்தில், ஊர் ஊராகப் பிள்ளைகள் வந்து நெருக்கியதால் நடந்தது. இங்கே நூறு சீட்டு வைத்திருக்கும் தனியார் கல்லூரி ஒன்றைப் பத்து வருடத்தில் பல்துறை ஆகு என்றால் ஒன்று போர்டு மாறும், இல்லையென்றால் பூட்டுத் தொங்கும். சுங்கான்கடைத் தம்பி முதலில் சொன்ன போர்டு அப்போதுதான் வரும்.

தக்கலை டீச்சர்
பூட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறது சார். டி.டி.எட். என்ற ஆசிரியர் பட்டயப் படிப்பு நடத்தும் பள்ளிகளைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்தில் அதுதான் கனவாக இருந்த காலம் உண்டு. எங்கள் மைனி ஒரு தனியார் பள்ளியில் சீட்டுக்காக வாங்கிய கடனைக் கட்டி முடிக்கும் முன்னால் அந்தப் பள்ளியே மூடிவிட்டது. மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் மூடிப் போனது. தேரூரில் அரசு மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. படித்து முடித்தாலும் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ண வேண்டும். 2012இல் முதல் டெட் நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நானும் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வினாத்தாளைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது என்று வெளியே வந்து அழுதவர்கள் எத்தனை பேர்!

2015இல் பி.எட்.டை இரண்டு வருடமாக்கினார்கள். வருடம் கூடியது, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் நிற்கும் நாட்கள் காகிதத்தில் கூடின. நடைமுறையில் ரெக்கார்டு நோட்டுதான் கூடியது.

குழித்துறை
பெண் பிள்ளைகளின் கனவு என்று டீச்சர் சொன்னதும் ஞாபகம் வந்தது. அமெரிக்காவிலும் நார்மல் ஸ்கூல் நிரம்பியது பெண்களால்தான். அன்றைக்கு ஒரு நடுத்தர வீட்டுப் பெண் சம்பளத்துக்குப் போகக்கூடிய மிகச் சில கௌரவமான வேலைகளில் ஒன்று அது. மாநிலங்களுக்கும் ஆண் வாத்தியாரைவிடப் பெண் வாத்தியாருக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும் என்ற கணக்கு. நல்லெண்ணம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கு மேல், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதற்குப் பின்னால் சம்பளம் குறைந்த எத்தனை டீச்சரம்மாக்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியே நடந்திருக்கிறார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

சுங்கான்கடை
ஒரு சந்தேகம். நார்மல் ஸ்கூலுக்கு முன்னால் அங்கே வாத்தியாரே இல்லையா? பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கல்குளம் சார்
நல்ல கேள்வி. பல இடங்களில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை தெரியுமல்லவா, அவனேதான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790களில் சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார், மாணவர்களையே வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர். அதன் வேறொரு வடிவம் அமெரிக்கா வரை போயிற்று. ஒரே ஹாலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், சட்டாம்பிள்ளைகள், ஒரே வாத்தியார். செலவு குறைவு. ஆனால் சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததைத்தான் ஒப்பிக்க வைப்பான், புரியவில்லை என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. அது சரிப்பட்டு வராது என்று கண்ட பிறகுதான் பயிற்சி பெற்ற வாத்தியார் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது, நார்மல் ஸ்கூல்கள் வந்தன.

ஆக, சான் ஹோசேக்குப் போகும் கதையில் எழும்பூருக்கும் ஒரு பங்கு உண்டு.

தோவாளைப்பூ
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முழு இழையையும் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். யு.சி.எல்.ஏ. வந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்வியியல் டாக்டர் பட்டம் வந்த இடத்தில் மட்டும் "அதைத் திரும்பப் படி" என்றார். தக்கலை டீச்சரின் டம்ளர் கதைக்குச் சத்தமாகச் சிரித்தார். அப்புறம் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கல்குளம் சாருக்கு வணக்கம். நான் படித்தது ஆண்கள் பயிற்சிப் பள்ளி, செகண்டரி கிரேடு. எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் பட்டதாரி இல்லை, ஆனால் அவரைப் போல பின்னத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தால்தான் நல்ல வாத்தியார் வருவான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

லோன் விஷயத்தில் இன்னும் பதில் இல்லை. ஆனால் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார்.

கல்குளம் சார்
அவருக்கு என் வணக்கம். பின்னம் பற்றி நேரில் சண்டை போடலாம். தோவாளைக்கு நான் பூ வாங்க வருவதுண்டு.

ஆரல்வாய்க் காற்று
தோவாளை அக்கா, தம்பி வருவதென்றால் ரூம் இப்போதே பார்க்க வேண்டும். வளாகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகை கண்ணைக் கட்டும், நாலு பேர் சேர்ந்தால்தான் தாங்கும். அங்கே இருக்கும் லைப்ரரி நகராட்சியும் யுனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்துவது, ராத்திரி உட்கார்ந்து படிக்க நல்ல இடம். ஸ்வெட்டர் ஒன்று போதும், நாகர்கோவிலில் இரண்டு மூன்று வாங்கி வந்து ஏமாற வேண்டாம்.

தோவாளைப்பூ
ரூம் பற்றித் தனியாக ஒரு இழை போடுகிறேன் அண்ணா. இங்கே எழுதினால் பெரியப்பா வாடகையைப் பார்த்துவிட்டுப் பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வைத்துவிடுவார்.